ரோஸ் கலர் பச்சை வண்டி

பாங்காக்குக்கு வடகிழக்கே, கோராட் பக்கத்து மரவள்ளிக் கிடங்கில் முப்பத்தெட்டு வருஷம் எடைமேடைக்குக் காவல் இருந்த மனிதர் யாரைத்தான் நம்புவார்? லாரி மேடையேறும்போது கிழங்குக்கு நடுவில் சாக்கைப் போர்த்திக்கொண்டு எவனோ ஒரு மச்சினன் படுத்திருப்பான். கிழங்கை இறக்கிவிட்டுக் காலி வண்டி எடைக்கு வரும்போது அந்த மச்சினன் எதிர்க் கடையில் ஐஸ் காப்பி உறிஞ்சிக்கொண்டிருப்பான். இன்னொருத்தன் தண்ணீர்ப் பீப்பாயோடு ஏறிப் பீப்பாய் இல்லாமல் திரும்புவான். இதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பிரயூனுக்குச் சந்தேகம் தோலோடு தோலாக ஒட்டிப் போயிற்று. விகாரையில் பிக்கு ஆசி ஓதினால்கூட எத்தனை வரி விட்டார் என்று விரல் விட்டு எண்ணுகிற ஆள் அவர்.

பெண்டாட்டி பெயர் லமுன். அந்தப் பாஷையில் லமுன் என்றால் இதமானவள், மென்மையானவள். அவள் வாய் திறப்பதற்கு முன்பே பெயர் வைத்துவிட்டார்கள், பாவம், பெற்றவர்களைக் குற்றம் சொல்லி என்ன?

இப்பேர்ப்பட்ட பிரயூனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. அறுபது வருஷத்துக்கு முன்னால் ஜப்பானிலிருந்து முழு வண்டியாகக் கப்பலில் வந்து இறங்கிய டாட்சன் பிக்கப் ஒன்று வேண்டும். துண்டு துண்டாக வந்து இங்கே முடுக்கிய வண்டி வேண்டாம். முழுசாக வந்ததுதான் வேண்டும். அப்படி வந்ததே கைவிரலுக்குள் அடங்கும். அவருக்கு அதன்மேல் ஏன் அவ்வளவு பித்து என்றால், அதன் பின்தட்டு ஒற்றைத் தகடு. குனிந்து பார்த்தால் அடிச்சட்டம் மொத்தமும் தெரியும். ஒளித்து வைக்கச் சந்து பொந்து ஒன்றும் கிடையாது. ஏமாற்றத் தெரியாத வண்டி என்று சொல்லுவார். மனிதரில்தான் கிடைக்கவில்லை, வண்டியிலாவது கிடைக்கட்டுமே என்று ஒன்பது வருஷம் தேடினார்.

இரண்டு தடவை கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. லம்பாங்கில் முதல் வண்டி. பெயிண்டுக்கு அடியில் பூச்சு மெழுகியிருக்கிறார்களோ என்று பத்து பாட் நாணயத்தால் கதவைச் சுரண்டிப் பார்த்தார். வண்டிக்காரர் நாயை அவிழ்த்துவிட்டார். இரண்டாவது சுபன்புரியில். விற்கிறவரைப் பற்றி அக்கம்பக்கத்தில் ஒரு வாரம் விசாரிக்க வேண்டும் என்று திரும்பி வந்தார். ஐந்தாம் நாள் ஒரு காப்பிக்கடைக்காரர் அதைக் கட்டி இழுத்துப் போய்விட்டார். இதற்கு நடுவில் உதிரிச் சாமான் மட்டும் வீட்டில் சேர்ந்துகொண்டே இருந்தது. பின்விளக்கு ஒன்று, கதவுக் கைப்பிடி இரண்டு, ஹாரன் ஒன்று. எல்லாம் கண்ணாடி அலமாரியில், புத்தர் சிலைக்கு ஒரு தட்டு கீழே.

"குதிர வாங்குமுன்னே லகான் வாங்கினவங்களப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன்," என்பாள் லமுன். "லாயம் கட்டி, கொள்ளு ஊறப்போட்டு, சாணிக் கூடையும் வாங்கி வெச்சுட்டுக் குதிரைய மட்டும் நம்பாத ஆளு நீங்க ஒருத்தர்தான்."

மூன்றாவது வண்டி உத்தரதித்தில் இருப்பதாகப் பழைய வண்டிப் பிரியர்களின் கைபேசிக் குழுவில் செய்தி வந்தது. படம் பார்த்தார். வாழைக்குருத்துப் பச்சை. விலை நியாயமாக இருந்தது, அதுவே அவருக்கு முதல் உறுத்தல். அடுத்த உறுத்தல் அதைவிடப் பெரிது. பாங்காக்கில் ஒருவர் இரட்டிப்பு விலை தருவதாகச் சொல்லியும் வண்டியை விற்கிற அம்மாள் கொடுக்க மறுத்துவிட்டாளாம். இரட்டிப்பு விலையை எவளாவது வேண்டாம் என்பாளா? எஞ்சின் எண் திருட்டா? வண்டிக்குள் யாராவது செத்துக் கித்துப் போனார்களா? இதற்குமேல் ஒன்று விலைக்கு வராது என்று குழுவில் எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். அவருக்கும் வயது அறுபத்தொன்று ஆகிறது, முழங்கால் போய்விட்டது. விட்டால் விட்டதுதான்.

"நானும் வரேன்," என்றாள் லமுன். "இந்தத் தடவையும் வெறுங்கையோட திரும்பினா, அந்த லைட்டு, கைப்பிடி எல்லாத்தையும் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிப் போட்டுட்டு அந்தத் தட்டுல நான் ஊறுகா ஜாடி வெப்பேன். இப்பவே சொல்லிட்டேன்."

விற்கிறவள் பெயர் ஜம்பா. அறுபத்தாறு வயது, கணவர் இல்லை, கடைத்தெருவில் கோழிச்சோற்றுக் கடை. பஸ்ஸை விட்டு இறங்கி இவர்கள் போய்ச் சேர்ந்தபோது காலை வியாபாரம் முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வண்டி கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நின்றது. கண்ணாடியில் காய்ந்த மல்லிகை மாலை. ஸ்டியரிங் தண்டில், வண்டியைக் காக்கிற தெய்வமான வண்டித்தாய்க்குக் கட்டும் கலர் துணி மூன்று சுற்று. பிரயூனின் ஒன்பது வருஷத்துக் கனவு கண்ணெதிரில் நிற்கிறது. தொட்டுப் பார்க்கக்கூடக் கை வரவில்லை.

அதெல்லாம் அரை நிமிஷம்தான். சட்டைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்தார்.

கதவு, தூண், சக்கர வளைவு எல்லாவற்றிலும் துணி சுற்றிய காந்தத்தை, பூச்சு மெழுகியிருந்தால் ஒட்டாதே என்று, ஒட்டிப் பார்த்தார். ஒட்டியது. படுத்துக்கொண்டு அடிச்சட்டத்து எண்ணைப் படித்தார். எஞ்சின் எண்ணைப் பதிவுப் புத்தகத்தோடு மூன்று தடவை ஒப்பிட்டார். அதோடு விட்டாரா? எதிரிலிருந்த அரிசி ஆலையில் எடைமேடை கண்ணில் பட்டுவிட்டது.

"அக்கா, ஒரு தடவ ஏத்தி எடை போட்டுப் பாத்துக்கட்டுமா?"

"வண்டிய விக்கத்தானே போறேன், கோழி மாதிரி கிலோ கணக்குலயா விக்கப் போறேன்?" என்றாள் ஜம்பா. ஆனாலும் சாவியைத் தூக்கிப் போட்டாள். இவ்வளவு சுலபமாகச் சாவியைத் தருகிறாளே என்று அதுவும் அவருக்கு உறுத்தியது.

மேடையில் ஏற்றினார். பழைய கையேட்டில் படித்துப் படித்து அவருக்கு மனப்பாடமான எடைக்கும் முள் காட்டியதற்கும் ஒரு கிலோகூட வித்தியாசமில்லை. முப்பத்தெட்டு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன் என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டார். எடை இவ்வளவு சரியாக வந்தால் எவனோ மெனக்கெட்டுச் சரிசெய்திருக்கிறான் என்றுதான் அர்த்தம். இப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்!

திரும்பி வந்தபோது லமுன் கடைத்தெருவில் லங்சாட் பழம் பேரம் பேசப் போயிருந்தாள். ஜம்பா கொட்டகையில் இரண்டு நாற்காலி போட்டு, ஐஸ் தண்ணீர் வைத்தாள்.

"எல்லாம் பாத்தாச்சா தம்பி? இன்னும் பல்லைத்தான் புடிச்சுப் பாக்கல நீங்க."

"கோவிச்சுக்காதீங்கக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பாங்காக்காரரு ரெட்டிப்பு வெல தரேன்னாராமே, ஏன் குடுக்கல?"

"குடுக்கத் தோணல."

"அதான் ஏன்?"

"அது கெடக்கட்டும். நீங்க என்ன கெழமையில பொறந்தீங்க? அத மொதல்ல சொல்லுங்க."

பிரயூன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆகா, வந்தது விஷயம்! வண்டி வாங்க வந்தவன் பிறந்த கிழமை இவளுக்கு எதற்கு? பிறந்த கிழமை தெரிந்தால் போதும், பொம்மை செய்து ஊசி குத்துகிற ஆட்களெல்லாம் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கிழமை கேட்ட எவருக்கும் அவர் வாழ்நாளில் உண்மையைச் சொன்னது கிடையாது.

உண்மையில் அவர் பிறந்தது ஒரு புதன்கிழமை காலையில். அம்மா சொல்லித் தெரியும். ஆனால் அடையாள அட்டையில் இருக்கும் தேதி வேறு. அவருடைய அப்பா இரண்டு மாசம் கழித்துத்தான் பிறப்பைப் பதியப் போனார். தாமதத்துக்கு அபராதம் விதித்துவிடுவார்களே என்று பயந்து, "போன சனிக்கிழமைதாங்க பொறந்தான்" என்று குமாஸ்தாவிடம் ஒரு போடு போட்டுவிட்டார். ஆக, அட்டைப்படி அவர் சனிக்கிழமைக்காரர். நாளைக்குப் பத்திரத்தோடு அட்டை நகல் கொடுக்கும்போது இவள் தேதியைப் பார்த்துக் கிழமை கணக்குப் போட்டாலும் போடுவாள். அட்டையோடு ஒத்துப்போகிற பொய்தானே நல்ல பொய்?

"சனிக்கெழமைக்கா," என்றார்.

ஜம்பா கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தாள்.

"அப்ப வண்டி கெடையாது தம்பி. தண்ணியக் குடிச்சுட்டுக் கெளம்புங்க."

"என்னக்கா இது? ஏன்?"

"பாங்காக்காரரும் சனிதான். சனிக்கெழமைக்காரங்களுக்குப் பச்ச ஆகாது, ஒங்களுக்குத் தெரியாதா? எங்க வீட்டுக்காரரு தவினும் சனி. 'கலருல என்னடி இருக்கு'ன்னு சிரிச்சுச் சிரிச்சே இருபது வருஷம் ஓட்டினாரு. ஐம்பத்தேழு வயசுல, அந்தா அந்தக் கதவத் தொறந்து எறங்கினவரு அப்படியே சாஞ்சாரு. நெஞ்சு வலின்னாங்க டாக்டரு. அவருக்கு என்ன தெரியும்?" ஜம்பாவின் குரல் உடைந்தது. "ஒரு சனிக்கெழமைக்காரர இந்தப் பச்சைக்குத் தூக்கிக் குடுத்தாச்சு. இன்னொருத்தி வீட்டுல நான் மண்ணள்ளிப் போட மாட்டேன். கோடி குடுத்தாலும் மாட்டேன்."

புதன்கிழமைக்காரனுக்குப் பச்சை ஆகுமா ஆகாதா? ஆகாமல் என்ன! பச்சைதானே அவனுடைய சொந்த நிறம். உண்மையைச் சொல்லியிருந்தால் இந்நேரம் சாவி கையில் இருந்திருக்கும். ஒன்பது வருஷத் தேடலை ஒற்றைச் சொல்லில் தானே கொளுத்திவிட்டோமே என்று பிரயூனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

"அக்கா, மன்னிச்சுக்கோங்க. பொய் சொல்லிட்டேன். நான் புதன்கெழமைக்கா. புதன்கெழம காலையில."

"ஓகோ. இப்ப புதனாயிட்டீங்களா?"

"சத்தியமாக்கா!"

"அட்டைய எடுங்க."

என்ன செய்வார்? எடுத்தார். ஜம்பா கடைக்குள் போய்க் கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து நூறு வருஷ நாட்காட்டிப் புத்தகத்தை எடுத்துவந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் கட்டம் கட்டமாகத் தேடினாள். தேடிக் கண்டுபிடித்துவிட்டு அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, முப்பத்தெட்டு வருஷம் அவர் லாரிக்காரர்களைப் பார்த்த அதே பார்வை.

"சனி," என்றாள். "வண்டிக்காகப் பொறந்த நாளையே மாத்துறீங்களே, வெக்கமா இல்ல?"

"அட்ட தப்புக்கா! எங்கப்பன் அபராதத்துக்குப் பயந்து..."

"சர்க்காரு அட்டையும் தப்பு, நாட்காட்டியும் தப்பு, நீங்க மட்டும் சரி. இல்ல?"

அந்த நேரம் பார்த்து லமுன் பழப் பையோடு உள்ளே வந்தாள். பிரயூனுக்கு உயிர் வந்தது போலவும் இருந்தது, போனது போலவும் இருந்தது. ஏனென்றால் ஜம்பா நேரே அவளிடமே கேட்டுவிட்டாள்.

"நீ சொல்லும்மா. ஒம் புருஷன் என்ன கெழம?"

"இவரா? செவ்வாக்கெழமக்கா," என்றாள் லமுன், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே. "முப்பத்தஞ்சு வருஷமா செவ்வாய் தவறாம இவரு பேருல பிச்சைக்கு வர்ற சாமிகளுக்குச் சோறு போடறேன். செவ்வாய்க்கு ரோஸ்தானே? பொறந்த நாளைக்குப் பொறந்த நாள் ரோஸ் சட்ட எடுத்துக் குடுக்கிறேன். எதுக்குக் கேக்கறீங்க?"

ஜம்பா சிரிக்கவா திட்டவா என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எங்கிட்ட மொதல்ல சனின்னாரு. அப்புறம் புதன்னாரு. ஒங்கிட்ட செவ்வாயா? வாரத்துல இன்னும் நாலு நாள் பாக்கி இருக்கு தம்பி, அது யாருக்கு?"

லமுன் மெதுவாகத் திரும்பினாள். "என்னங்க? அந்த அட்ட சும்மா, செவ்வாதான் நெசம்னு எங்கம்மாகிட்ட சொன்னீங்களே. நீங்க செவ்வா இல்லையா?"

இனி மறைத்துப் பயனில்லை. பிரயூன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். கல்யாணத்துக்கு நாள் குறிக்க மாமியார் பிறந்த கிழமை கேட்டார். லமுன் ஊர் மாமியார்கள் மாப்பிள்ளைக்கு வசிய மருந்து வைத்துக் கட்டிப்போட்டுவிடுவார்கள், அதற்குக் கிழமை தெரிந்தால் போதும் என்று கிடங்கில் எவனோ ஒருத்தன் ஓதி வைத்திருந்தான். அதனால் செவ்வாய் என்று சொல்லிவிட்டார். அப்புறம் உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்து நினைத்தே வருஷம் ஓடிவிட்டது. புதன்கிழமைக்காரனுக்கு ஆகவே ஆகாத நிறம் ரோஸ். அது தெரிந்தே முப்பத்தைந்து ரோஸ் சட்டை போட்டுக் கிழித்தார். முழங்கால் வலித்தாலும் ரோஸ், லம்பாங்கில் நாய் துரத்தினாலும் ரோஸ் என்று உள்ளுக்குள் மருகினாரே தவிர வாய் திறக்கவில்லை.

லமுன் அழுவாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை. ஒரு லங்சாட் பழத்தை உரித்து, தின்னாமல் அப்படியே கையில் வைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா ஒங்களுக்கு மருந்து வெப்பாளா? மொதல் பிள்ள பேறுக்கு ஒங்களுக்குப் பத்துப் பாத்திரம் தேச்சுக் குடுத்தாளே, அவளா?" என்றாள். "நான் யாருக்கு இத்தன வருஷம் சோறு போட்டேன்? எந்தச் செவ்வாக்கெழமைக்காரனோ ஒருத்தன் எம் புண்ணியத்தத் தின்னு கொழுத்துக் கெடக்கான்."

ஆயிரம் லாரியைப் பிடித்தவர், இன்றைக்குத் தானே கிழங்குக்கு நடுவில் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்து மாட்டியது போல வெட்கப்பட்டார். ஆனாலும் கடைசியாக ஒரு தடவை முயன்று பார்த்தார்.

"அக்கா, இத ஒண்ணு யோசிங்க. எனக்கு ஆகாத ரோஸத்தான் முப்பத்தஞ்சு வருஷம் போட்டேன். செத்தா போயிட்டேன்? கலரு ஒங்க வீட்டுக்காரரக் கொல்லலக்கா."

"சனிக்கெழமைக்காரனுக்கு ரோஸ் கவசம் தம்பி!" என்றாள் ஜம்பா பட்டென்று. "ரோஸ் போட்டா பெரிய எடத்துத் துணை கெடைக்கும். நீங்க சனி. அதனாலதான் உசுரோட ஒக்காந்து எங்கிட்ட வம்பு பேசறீங்க. புதனா இருந்தா எப்பவோ போய்ச் சேந்திருப்பீங்க. இதவிட என்ன சாட்சி வேணும்?"

உயிரோடு இருப்பதே அவர் பொய்யர் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது.

ஆனால் ஜம்பா, தான் சொன்னதே தனக்கு உறைத்தது போல வண்டியைப் பார்த்தபடி நின்றாள். பிறகு கடைக்குள் போய் ஒரு டப்பாவைக் கிளறி, மஞ்சளடித்துப்போன ஒரு ஸ்டிக்கரைக் கொண்டுவந்தாள். அந்த நாட்டில் நிறம் ஒத்துவராத வண்டிக்கு ஒட்டுவார்களே, அந்த வகை. 'இந்த வண்டி ரோஸ் நிறம்' என்று எழுதியிருந்தது.

"தவினுக்காகத்தான் வாங்கினேன்," என்றாள். "கண்ணாடியில ஒட்டுங்கன்னேன். 'ஜப்பான்லேர்ந்து வந்த கண்ணாடிடி, அசிங்கம் பண்ணாதே'ன்னு தூக்கி எறிஞ்சாரு. நானும் சரி போன்னு விட்டுட்டேன். வம்படியா ஒட்டியிருக்கணும். இந்தா, இவ வம்படியா ரோஸ் மாட்டி மாட்டி ஒங்களக் காப்பாத்தி வெச்சிருக்கா. எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லாமப் போச்சு."

பிரயூன் வாயைத் திறந்தார். நான் புதன்தானக்கா, அதெல்லாம் கவசமும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை என்று சொல்ல வந்தார். லமுன் அவர் காலை மிதித்தாள். மிதித்திருக்காவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஜம்பாவின் கண்ணைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல எந்தப் பாவிக்கு மனசு வரும்?

"இத ஒட்டிக்கிட்டா குடுக்கறேன்," என்றாள் ஜம்பா. "பின்கண்ணாடியில. எம் முன்னாடி. ஆயுசுக்கும் உரிக்கக் கூடாது. சத்தியம் பண்ணுவீங்களா?"

அறுபது வருஷத்துப் பழைய கண்ணாடி. அதில் ஒரு கீறல்கூட இல்லை. அதன்மேல், தனக்கு ஆகவே ஆகாத நிறத்தின் பெயரை, ஆயுசுக்கும்!

"ஒட்டுங்கக்கா," என்றார் பிரயூன். "நான் சனிக்கெழமைதான்."

ஜம்பா ஸ்டிக்கரை ஒட்டி, உள்ளங்கையால் நாலு மூலையையும் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். பழைய மாலையைக் கழற்றிவிட்டுப் புது மாலை போட்டாள். வண்டித்தாயின் காதோடு ஏதோ சொன்னாள். அவள் என்ன சொன்னாள் என்று முதல் தடவையாகப் பிரயூன் சந்தேகப்படவில்லை. பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, அங்கேயே கோழிச்சோறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். சோற்றுக்குக் காசு வாங்க ஜம்பா மறுத்துவிட்டாள்.

பிட்சனுலோக் ஊரைத் தாண்டும்வரை லமுன் லங்சாட் பழத்தை ஒவ்வொன்றாக உரித்துத் தின்றுகொண்டே வந்தாள். வண்டி தையல் மிஷின் மாதிரி ஓடியது. அவர் ஆசையெல்லாம் நிறைவேறிவிட்டது. ஆனாலும் பக்கத்து இருக்கையைத்தான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

"லமுன். நான் நெசமாவே புதன்கெழமதான். காலையில பொறந்தேன். ஒங்கிட்ட இனிமே எதுக்கு மறைக்கணும்?"

"இருக்கும்," என்றாள் அவள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "யாரு கண்டா? ஒங்கள எந்த மேடையில ஏத்தி எடை போடறது?"

அவருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. தன்னை நம்பாத ஒருத்தியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. லமுன் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்திருக்கிறாள்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை விடிகாலையில் லமுன் வழக்கம்போல ஒட்டரிசி வேகவைத்து, பிச்சைக்கு வந்த பிக்குகளின் பாத்திரத்தில் போட்டாள். பிரயூன் வாசலில் பச்சை வண்டியைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். சரி, நம்பவில்லை, விதி என்று விட்டுவிட்டார். புதன்கிழமையும் எழுந்து அரிசி வேகவைத்தாள். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சனிக்கிழமையும் அடுப்பு மூட்டினாள்.

"இது எதுக்கு இன்னிக்கும்?" என்றார் பிரயூன்.

லமுன் சோற்றுக் கூடையை மூடினாள்.

"மூணு நாளும் போடறேன்," என்றாள். "நீங்க எதுல இருக்கீங்களோ, அதுல போய்ச் சேரட்டும்."